சரிவில் தோட்டம்: முதலில் தண்ணீருக்கு வழி

கேள்வி: எங்கள் தெருவுக்கு மேலே 4 சென்ட் பொது இடம் சரிவாகக் கிடக்கிறது. தெருக்காரர்கள் சேர்ந்து தோட்டம் போட்டு, மழைக்காலத்துக்கு எப்படித் தயாராவது என்று காட்டும் சிறு கண்காட்சியும் வைக்கப்போகிறோம். மழைநீர்க் குழி வெட்டலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: குழி வேண்டவே வேண்டாம். சமவெளிக்கு நல்லது, வீடுகளுக்கு மேலுள்ள சரிவுக்கு ஆபத்து. தண்ணீர் ஊறினால் மண் கனக்கும், பிடிப்பும் விட்டுப்போகும். 2009 நவம்பரில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் பலிகொண்ட மண்சரிவுகள் விடாமல் கொட்டிய மழையில் வந்தவைதான்.

முதலில் மட்டம் பாருங்கள். 2 மீட்டர் கம்பு இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, இடுப்பளவில் குறுக்குக் கம்பு வையுங்கள். உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். குறுக்குக் கம்பில் நூல் படும் இடத்தைக் குறித்து, கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளியில் நூல் நின்றால் இரு கால்களும் ஒரே மட்டம். அந்தக் கோட்டில் பாத்தி போட்டு, மலைப்பக்கம் லேசாகச் சாய்த்து, உள்ளோரமாகக் கல் பாவிய வாய்க்கால் எடுத்துத் தெருச் சாக்கடையில் சேருங்கள். பழைய தடுப்புச் சுவர் இருந்தால் அதன் வடிதுளைகளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அவை அடைத்தால் சுவருக்குப் பின்னால் நீர் தேங்கிச் சுவரையே தள்ளிவிடும்.

பாத்தி விளிம்பில் வெட்டிவேர். குத்துக்கு 3 தூர், 15 செ.மீ. இடைவெளி. ஜூனில் நட்டால்தான் அக்டோபர் மழைக்குள் வேர் பிடிக்கும். மர நிழலில் வளராது. வேர் பிடிப்பது மேல்மண்ணைத்தான். ஆழமாகப் பெயரும் சரிவை அது நிறுத்தாது என்று கண்காட்சிப் பலகையிலேயே எழுதிவையுங்கள்.

கண்காட்சிக்கு மழைமானி போதும். நேர்ப்பக்கமுள்ள 2 லிட்டர் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டித் தலைகீழாகச் செருகுங்கள். அடிமேடு மறையும்வரை சிமெண்ட் ஊற்றி, அதன் மேல்மட்டத்தைப் பூஜ்யமாகக் கொள்ளுங்கள். 64.5 மி.மீ.க்கு மஞ்சள் கோடு, அது கனமழை, 115.6க்குச் சிவப்பு, அது மிகக் கனமழை. கூரை, மரத்தடி ஆகாது. தினமும் காலை 8.30க்குக் குறித்துக்கொண்டு கொட்டிவிடுங்கள். சிவப்பைத் தொட்டால் காலைவரை காத்திருக்காமல் உடனே குறித்துக் கொட்டி, அந்த அளவைப் பிறகு விழும் மழையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே இந்த மண்சரிவு அறிகுறிகளை எழுதுங்கள்: கதவு திடீரென இறுகுவது, தரையில் புது விரிசல், கம்பம் சாய்வது, ஊற்று கலங்குவது, ஓடை சட்டென்று வற்றுவது. ஒன்றைக் கண்டாலும் வீட்டைவிட்டு வெளியேறி, ஓடை வழியே இறங்காமல் பக்கவாட்டில் விலகிப் போய், மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குச் சொல்லுங்கள்.

கேள்வி: அங்கே உருளைக்கிழங்கு போடலாமா?

பதில்: வேண்டாம். கிழங்கு தோண்டும்போது மண் இளகும். மிச்சத்தைத் தேடி வரும் காட்டுப்பன்றி பாத்தியையே உழுதுவிடும். அவரை, கீரை, புதினா போடுங்கள்.