யார் சொல்வதைக் கேட்டுச் சாப்பிடுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சைவ உணவு இதயத்துக்கு நல்லது என்று என் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பக்கவாதம் அதிகம் வருகிறது என்று அலுவலகத் தோழி இன்னொரு செய்தியைக் காட்டினார். இரண்டிலுமே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் மீன் வாங்குவோம். அதை நிறுத்துவதா, தொடர்வதா? யாரை நம்புவது?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் அண்ணனும் தோழியும் சண்டையிட வேண்டியதே இல்லை. அவர்கள் இருவரும் அனுப்பியவை ஒரே ஆய்வுக் கட்டுரையிலிருந்து பிரித்தெடுத்த இரண்டு வரிகள்தாம். 2019 செப்டம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான அந்தக் கட்டுரை, பிரிட்டனில் வாழும் 48,188 பேரைச் சராசரியாகப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதப்பட்டது. இறைச்சி உண்பவர்களோடு ஒப்பிடும்போது, சைவ உணவினருக்கு இதய ரத்தக்குழாய் நோய் 22 சதவீதம் குறைவாகவும் பக்கவாதம் 20 சதவீதம் அதிகமாகவும் இருந்ததாக அது சொல்கிறது. ஆய்வாளர்கள் எதையும் மறைக்கவில்லை. செய்தியை எடுத்துப் போட்டவர்கள்தாம் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இங்கே முதலில் கேட்க வேண்டியது, அந்தச் சதவீதம் எதன் மீதான சதவீதம் என்பதைத்தான். 22 குறைவு, 20 அதிகம் என்று படித்தால் இரண்டும் ஏறக்குறைய சமமாகி, ஒன்றை ஒன்று அடித்துவிட்டதைப் போலத் தோன்றும். ஆனால் அந்த ஆய்வில் இதய நோய் கண்டவர்கள் பக்கவாதம் கண்டவர்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேலானவர்கள் என்பதால், இரண்டு சதவீதங்களின் எடையும் ஒன்றல்ல. ஆட்கணக்கில் சொன்னால் விஷயம் தெளிவாகிவிடும். ஆயிரம் இறைச்சி உண்பவர்களையும், வயது, புகைப்பழக்கம் முதலியவற்றில் அவர்களை ஒத்த ஆயிரம் சைவ உணவினரையும் பத்தாண்டுகள் கவனித்தால், சைவத் தரப்பில் இதய நோயாளிகள் பத்துப் பேர் குறைவாகவும், பக்கவாதம் கண்டவர்கள் மூன்று பேர் அதிகமாகவும் இருப்பார்கள். அந்த மூன்றும் பெரும்பாலும் மூளைக்குள் ரத்தக் கசிவால் வருகிற வகையைச் சேர்ந்தவை. வைட்டமின் பி12 குறைவோ, கொலஸ்ட்ரால் மிகவும் தாழ்ந்திருப்பதோ காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஓர் ஊகத்தை முன்வைத்தார்களே தவிர, அதை நிரூபித்ததாகச் சொல்லவில்லை. ‘சைவம் பக்கவாதத்தைக் கொண்டுவரும்’ என்ற தலைப்பைப் படித்துவிட்டு, ஆயுள் முழுக்கச் சைவமாக வாழ்ந்த ஒரு பெரியவர் இரவில் தூக்கமின்றித் தவிப்பாரானால், அந்தத் தலைப்பை எழுதியவர் செய்த தீங்கு சிறியதன்று.

அடுத்து, யாரைப் பார்த்து எழுதிய ஆய்வு என்று கேட்க வேண்டும். பிரிட்டனில் சைவராக இருப்பவர் பெரும்பாலும் வளர்ந்த பின் தாமே யோசித்து அந்த உணவைத் தேர்ந்துகொண்டவர். அப்படித் தேர்ந்துகொள்பவர் வேறு பல விஷயங்களிலும் உடம்பைக் கவனித்துக்கொள்கிறவராக இருப்பார். ஆய்வாளர்கள் கணக்கில் அதற்கு ஈடுகட்டினாலும் அதன் சாயலை முற்றிலும் துடைத்துவிட முடியாது. நம் ஊரில் சைவம் பெரும்பாலும் பிறந்த வீட்டின் வழக்கம். காலையில் நான்கு இட்லி, மதியம் குவித்த சோறு, மாலையில் காபியோடு முறுக்கு, இரவில் தோசை என்று உண்பவரும் சைவர்தாம். பருப்பும் பயறும் தயிரும் கீரையும் நிறைய எடுத்துக்கொண்டு சோற்றைக் குறைப்பவரும் சைவர்தாம். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் உணவுக் கணக்கு 2025-இல் வெளியானது. இந்தியர்கள் உண்ணும் மொத்தக் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது அது. நம் தட்டைப் பொறுத்தவரை மீன் இருக்கிறதா என்ற கேள்வியைவிட, அதைச் சுற்றிச் சோறு எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியே பெரிது என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் கேட்ட மீனுக்கு வருகிறேன். அதே ஆக்ஸ்ஃபோர்டு கட்டுரையில், இறைச்சியை விட்டு மீன் மட்டும் உண்டவர்கள் தனிப் பிரிவாகக் கணக்கிடப்பட்டார்கள். அவர்களுக்கு இதய நோய் 13 சதவீதம் குறைவாக இருந்தது. பக்கவாதத்தில் தெளிவான ஏற்றம் ஏதும் காணப்படவில்லை. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் மீன் வாங்குவதை நிறுத்த அந்த ஆய்வில் ஒரு காரணமும் கிடையாது. எண்ணெயில் பொரிப்பதைவிடக் குழம்பாக வைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: தேங்காய் எண்ணெய் அமுதம் என்கிறார் ஒருவர், நஞ்சு என்கிறார் இன்னொருவர். எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் சமையலே இல்லை. எது உண்மை?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: எதோடு ஒப்பிட்டு என்று அவர்கள் இருவரையும் கேளுங்கள். உணவில் ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று தானாகவே குறைகிறது என்பதால், தனியாக நிறுத்தி நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல எந்தப் பண்டத்துக்கும் இடமில்லை.

கேம்பிரிட்ஜில் 94 பேரை வைத்து நான்கு வாரம் நடந்து, 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், தினம் ஐம்பது கிராம் வெண்ணெய் உண்டவர்களுக்கு எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் கூடியது. தேங்காய் எண்ணெய் உண்டவர்களுக்கோ ஆலிவ் எண்ணெய் உண்டவர்களைப் போலவே அது கூடாமல் இருந்தது. அமுதம் என்பவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இந்த ஆய்வுதான். நேர்மையாக நடத்தப்பட்ட ஆய்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது ஒரு சிறிய, குறுகிய கால ஆய்வு. 2020-இல் சர்க்குலேஷன் என்ற இதய மருத்துவ இதழ் பதினாறு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கட்டுரையை வெளியிட்டது. மற்றத் தாவர எண்ணெய்களுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் உண்ணும்போது எல்டிஎல் சராசரியாக டெசிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவு ஏறுவதாக அதில் தெரிந்தது. ஒரு சாட்சி ஒன்று சொல்ல, பதினாறு சாட்சிகளைச் சேர்த்துக் கேட்டால் வேறொன்று தெரியவருமானால், பதினாறின் பக்கம் நிற்பதே முறை. அதற்காகப் பத்து மில்லிகிராம் ஏற்றத்தை நஞ்சு என்றும் யாரும் சொல்லிவிட முடியாது.

அவியலின் மேல் ஊற்றும் ஒரு கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெயை நீங்கள் கைவிட வேண்டியதில்லை. அன்றாடம் தாளிக்கவும் பொரிக்கவும் அதையே ஊற்றுகிறீர்கள் என்றால், அந்த இடத்தில் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வரட்டும். எல்டிஎல் ஏற்கெனவே அதிகம் இருப்பவரோ மாரடைப்பு வந்தவரோ வீட்டில் இருந்தால், இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். செக்கில் ஆட்டியதா, ஆலையில் எடுத்ததா என்பது மணத்தையும் சுவையையும் மாற்றும். எல்டிஎல்லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு அதில் உள்ள அளவைக் குறிப்பிடும்படி மாற்றாது.

கேள்வி: எனக்கு வயது 52. ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மூன்று வகை மாத்திரை எடுக்கிறேன். என் நண்பர் அரிசி, கோதுமை, சர்க்கரை அனைத்தையும் விட்டுப் பேலியோவுக்கு மாறி ஆறு மாதத்தில் 14 கிலோ குறைத்துவிட்டார். மாத்திரையும் நின்றுவிட்டது என்கிறார். என் மருத்துவமனையில் உள்ள உணவு ஆலோசகரோ அளவாகச் சோறும் சிறுதானியமும் சாப்பிடச் சொல்கிறார். நாளையிலிருந்தே நண்பரின் வழிக்கு மாறிவிடலாம் என்று நினைக்கிறேன்.
– வாசகர், ஈரோடு

பதில்: நாளையிலிருந்து வேண்டாம். மாறுவது என்று முடிவு செய்தாலும், உங்கள் மருத்துவரைப் பார்த்து மாத்திரைகளின் அளவை மாற்றிக்கொண்ட பிறகே மாறுங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் ஒருவர் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால், ரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்து மயங்கி விழ நேரலாம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவருக்கு வேறொரு ஆபத்து உண்டு. ரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் சேர்ந்து உயிருக்கே ஆபத்தான நிலை ஏற்படலாம். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக உயராமல் இருக்கக்கூடும் என்பதால் நோயாளிக்கே சந்தேகம் வராது. உங்கள் மாத்திரை அட்டைகளில் உள்ள பெயர்களை இன்றே பார்த்துவிடுங்கள்.

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் உடம்பில் நடந்தது உண்மை. ஆனால் அரிசியை விட்ட அதே நாளில் அவர் பரோட்டா, பேக்கரிப் பண்டம், இனிப்பு, மாலை நேரப் பலகாரம் என எல்லாவற்றையும் சேர்த்தே விட்டிருப்பார். எடையைத் தினமும் பார்க்கத் தொடங்கியிருப்பார். ஒருவேளை நடக்கவும் தொடங்கியிருப்பார். இவற்றில் எது பலன் தந்தது என்பதை ஒருவரின் கதையை வைத்துப் பிரித்தறிய முடியாது. தவிர, அதே முறையைத் தொடங்கி இரண்டு மாதத்தில் விட்டவர்கள் யாரும் உங்களிடம் வந்து சொல்லப்போவதில்லை.

இதைப் பிரித்தறியத்தான் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து ஆய்வு செய்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை மாவுச்சத்தையும் மற்றதைக் கொழுப்பையும் குறைக்கச் சொன்னார்கள். இரண்டு குழுவினருக்கும் சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் தவிர்த்துக் காய்கறியைக் கூட்டும்படி அறிவுரை தரப்பட்டது. ஓராண்டு முடிவில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இளைத்திருந்தார்கள். 2018-இல் வெளியான அந்த முடிவில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இந்தச் சராசரி அன்று. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஏறத்தாழ முப்பது கிலோ குறைத்தவரும் இருந்தார், பத்துக் கிலோ கூடியவரும் இருந்தார். இரண்டு முறைகளுக்கு இடையில் இருந்த வேறுபாட்டைவிட, ஒரே முறையைப் பின்பற்றிய இருவருக்கு இடையில் இருந்த வேறுபாடு பல மடங்கு பெரிது.

மாத்திரை நின்றதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், நோய் கண்டு ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்குச் சுமார் 850 கலோரி மட்டுமே உள்ள கரைசல் உணவு கொடுத்தார்கள். முதல் நாளே மாத்திரைகள் மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தப்பட்டன. ஓராண்டில் 46 சதவீதத்தினருக்கு மாத்திரையின்றியே சர்க்கரை நோய் அடங்கியது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களிடையே அது 86 சதவீதமாக இருந்தது. அந்தக் கரைசலின் கலோரியில் ஏறக்குறைய அறுபது சதவீதம் மாவுச்சத்து என்பதைக் கவனியுங்கள். நோயை அடக்கியதில் பெரும் பங்கு எடை இறங்கியதற்கே என்றும், எந்தச் சத்தைக் குறைத்து இறக்கினார்கள் என்பது இரண்டாம்பட்சம் என்றும் இதை வைத்து நான் கருதுகிறேன்.

ஆகையால் உங்கள் நண்பரும் ஆலோசகரும் எதிரெதிராக நிற்பதாக நான் நினைக்கவில்லை. ஆலோசகர் சொன்னதில் ‘அளவாக’ என்ற சொல்தான் உயிர்நாடி. எத்தனை கரண்டி என்று அவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வரகும் தினையும்கூட மாவுச்சத்துதாம். சோற்றின் இடத்தில் அதே குவியலாக வைத்தால் பயன் சொற்பம். இரண்டு முறைகளில் எதை மூன்று ஆண்டு கழித்தும் உங்கள் வீட்டாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ண முடியும் என்று யோசித்து அதைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்த பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல், எடை ஆகிய மூன்றையும் பாருங்கள். சர்க்கரை இறங்கி எல்டிஎல் ஏறினால், உண்ணும் கொழுப்பின் வகையை மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: நாற்பது ஆண்டுகளாகப் புகைபிடிக்கும் என் அப்பா, கேரட்டில் உள்ள சத்து நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று ஒரு காணொளியில் பார்த்துவிட்டு பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிடுகிறார். தொடரலாமா?
– வாசகி, மதுரை

பதில்: தயவுசெய்து அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள். காய்கறி நிறைய உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பார்த்து, அவற்றில் உள்ள பீட்டா கரோட்டின்தான் காக்கிறது என்று உலகின் சிறந்த ஆராய்ச்சியாளர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். அதைச் சோதிக்க ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் குலுக்கல் முறை ஆய்வு நடந்தது. 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை உண்டவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. புகைபிடிப்பவர்களையும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியில் வேலை செய்தவர்களையும் வைத்து அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வும் அதே திசையைக் காட்டியதால், 1996-இல் அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். காய்கறி உண்பவர் வேறு எதை எதையெல்லாம் உண்கிறார், எதையெல்லாம் தவிர்க்கிறார் என்பதை ஒரு மாத்திரைக்குள் அடைக்க முடியவில்லை.

அப்பா மற்றச் சத்து மாத்திரைகள் ஏதும் எடுத்தால் அவற்றின் அட்டையிலும் பீட்டா கரோட்டின் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கேரட் பொரியலை அவர் வேண்டிய மட்டும் சாப்பிடட்டும். அந்த ஆய்வுகள் உணவில் உள்ள கேரட்டைப் பற்றியவை அல்ல. நுரையீரலைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கே வந்திருக்கிறது என்பதால், புகையை விட உதவும் நிக்கோட்டின் மெல்லும் பசை பற்றி மருத்துவரிடம் பேச அவரை அழைத்துச் செல்ல இதுதான் நல்ல நேரம்.