ஓடிய குதிரையின் இரத்தம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பயிற்சி ஓட்டம் முடித்துத் திரும்பிய கையோடு எங்கள் குதிரைக்கு இரத்தம் எடுத்துச் சோதித்தோம். சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. 58 சதவீதம் என்று வந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன் ஓய்வில் எடுத்தபோது 38 தான். இதை முன்னேற்றம் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள வேண்டாம். எந்தக் குதிரையின் எலும்பு மஜ்ஜையும் இரண்டு வாரத்தில் அவ்வளவு அணுக்களை உருவாக்கிவிடாது. நீங்கள் பார்த்தது மண்ணீரலின் வேலை. குதிரை அமைதியாக நிற்கும்போது அதன் சிவப்பணுக்களில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ மண்ணீரலில் தங்கியிருக்கும். ஓடத் தொடங்கி அட்ரினலின் சுரந்ததும் அந்த உறுப்பு சுருங்கித் தன் இருப்பை இரத்த ஓட்டத்தில் சேர்த்துவிடும். இரத்தத்தின் நீர்ப்பகுதியிலும் கொஞ்சம் குழாய்களை விட்டு வெளியேறும் என்பதால், முழு வேகத்தில் ஓடிய பந்தயக் குதிரைக்கு இந்த எண் 60-ஐத் தாண்டுவதும் இயல்பே. ஓடக்கூட வேண்டியதில்லை, ஊசியைக் கண்டு மிரண்டு தலையை உதறினாலே எண் ஏறத் தொடங்கிவிடும்.

பயிற்சியால் முதலில் வரும் மாற்றம் வேறு. தொடக்க வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. சிவப்பணுக்களின் மொத்த எண்ணிக்கையோ மாதக்கணக்கில் மெல்லத்தான் உயர்கிறது. ஆகவே நன்றாகத் தேறிவரும் குதிரையிலும் ஓய்வுநேர எண் அசையாமல் நிற்கலாம், சற்று இறங்கவும் செய்யலாம். அதை இரத்தசோகை என்று எண்ணி இரும்புச்சத்து டானிக் கொடுப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் வீண். அளவு மிஞ்சினால் கல்லீரலுக்குக் கேடு.

கேள்வி: லாக்டேட் அளவைக் கொண்டு குதிரையின் உடல்தகுதியை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

பதில்: லாக்டேட் என்பது தசை குளுக்கோஸைச் சிதைக்கும்போது உண்டாகும் பொருள்; லாக்டிக் அமிலம் என்று பலர் சொல்வது இதைத்தான். ஓய்வில் ஒரு லிட்டர் இரத்தத்தில் அது 1 மில்லிமோல் அளவில்தான் இருக்கும். மிதமான ஓட்டத்தில் பெரிதாக மாறாது. வேகம் கூடக்கூட, தசைக்கு ஆக்சிஜனைக் கொண்டு மட்டும் ஆற்றல் தர முடியாத நிலை வந்ததும், லாக்டேட் அளவு செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது; கடும் பந்தயத்துக்குப் பின் 20 முதல் 30 மில்லிமோல் வரை போவதும், 7.4 அளவில் இருந்த இரத்தத்தின் பி.எச். (அமில-கார நிலையின் அளவு; இறங்கினால் அமிலம் கூடுகிறது என்று பொருள்) அதனுடன் சேர்ந்து இறங்குவதும் வழக்கம். சோதனையில் குதிரையைப் படிப்படியாகக் கூடும் வேகங்களில் ஓட்டி, ஒவ்வொரு படியிலும் இரத்தம் எடுத்து, லாக்டேட் 4 மில்லிமோலைத் தொடும் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். சில வாரப் பயிற்சிக்குப் பின் அதே 4 மில்லிமோலுக்கு இன்னும் அதிக வேகம் தேவைப்பட்டால் பயிற்சி பலித்திருக்கிறது. ஒரு குதிரையை அதனுடனேயே, அதே தரையில் ஒப்பிடுவதுதான் நியாயமானது. அடுத்த லாயத்துக் குதிரையோடு ஒப்பிடுவதால் ஒன்றும் தெரியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழாயில் எடுத்த பிறகும் சிவப்பணுக்கள் குளுக்கோஸைச் சிதைத்து லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கும் ஃபுளோரைடு கலந்த குழாயில் எடுக்காமல் வெயிலில் ஒரு மணி நேரம் வைத்திருந்து அனுப்பிய மாதிரியை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: கடும் ஓட்டத்துக்கு மறுநாள் தசை இறுகி நடக்கவே சிரமப்பட்டது. லாக்டிக் அமிலம் தேங்கியதாலா?

பதில்: இல்லை. லாக்டேட் ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். இதயமும் தசையுமே அதை எரிபொருளாக்கிக்கொள்கின்றன. ஓட்டம் முடிந்ததும் நிறுத்திவிடாமல் மெதுவாக நடக்கவிட்டால் அது விரைவாக வடிவதும் இதனால்தான். மறுநாளைய இறுக்கத்துக்குத் தசைச் சேதம் காரணமா என்பதை சேதமான தசையிலிருந்து இரத்தத்தில் கசியும் சி.கே., ஏ.எஸ்.டி. ஆகிய இரு நொதிகள் காட்டும். சி.கே. 4 முதல் 6 மணி நேரத்தில் உச்சம் தொட்டு விரைவில் இறங்கிவிடும், ஏ.எஸ்.டி. ஏறத்தாழ ஒரு நாளில் உச்சத்துக்குப் போய் வாரக்கணக்கில் தங்கும். முன்னது இறங்கிப் பின்னது மட்டும் உயர்ந்திருந்தால் சேதம் சில நாள் பழையது. சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் குதிரையை அசைக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: நெடுந்தூர ஓட்டத்தின் நடுவே குதிரையின் விலாப்புறம் இதயத்துடிப்போடு சேர்ந்து துடித்தது. அமிலம் மிகுந்ததால் என்று சொல்லி ஒருவர் சமையல் சோடா கொடுக்கச் சொன்னார். கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. நெடுந்தூர ஓட்டத்தில் நிலைமை தலைகீழ். குதிரையின் வியர்வையில் உப்புச்செறிவு மிக அதிகம். ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேலும் வியர்க்கும். அதோடு குளோரைடு மிகுதியாக வெளியேறுவதால் இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. பயன்படும் நிலையிலுள்ள கால்சியமும் குறைகிறது. அப்போது இதயத்தின் மின்துடிப்பே அருகில் ஓடும் நரம்பைத் தூண்டி, மூச்சுக்கு உதவும் தசையான உதரவிதானத்தைச் சுருக்குகிறது; விலாப்புறத்தில் நீங்கள் கண்ட துடிப்பு அதுதான். சோடா கொடுத்தால் காரத்தன்மை இன்னும் கூடும். ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, கால்சியமும் உப்புகளும் எவ்வளவு தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.