தமிழ் வழி மாணவி கியூட் ஆங்கிலத் தாளை எப்படி அணுகுவது?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி நெசவு செய்கிறேன். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, தமிழ் வழி, கலைப் பிரிவு. மத்தியப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆங்கிலம் படிக்க ஆசைப்படுகிறாள். அதற்கு கியூட் என்கிற பொது நுழைவுத் தேர்வில் ஆங்கிலத் தாள் எழுத வேண்டுமாம். பள்ளியில் ஆங்கிலத்தில் எண்பதுக்கு மேல் வாங்குகிறவள், பழைய கியூட் வினாத்தாளைப் போட்டுப் பார்த்தால் பாதிகூடத் தேறவில்லை. தடிமனான இலக்கணப் புத்தகம் ஒன்றும், சொற்பட்டியல் புத்தகம் ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். வேலூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா? இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது.

பதில்: ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இப்போது வேண்டாம். கல்லூரிக்குப் போனபின் கூச்சம் விலக அது உதவும். ஆனால் இந்தத் தேர்வில் யாரும் அவளைப் பேசச் சொல்லப் போவதில்லை. வேலூருக்குப் போக வர பஸ்ஸில் கழியும் இரண்டு மணி நேரத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து வாசித்தால் அதுவே பெரிய லாபம்.

பள்ளியில் எண்பது, கியூட்டில் பாதிக்கும் கீழே என்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தியவன் நான். அந்த எண்பது எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும், நாங்கள்தானே வரவழைக்கிறோம்! பாடத்துக் கட்டுரையை உருப்போடு, செய்யுள் வரிகளை உருப்போடு, பாடத்தில் வரும் சினானிம், ஆண்டனிம்களை உருப்போடு. பொதுத் தேர்வுக்கு அது போதும். கியூட் ஆங்கிலத் தாளுக்குப் பாடப்புத்தகமே கிடையாது. கண்ணில் படாத ஒரு பத்தியைக் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேட்பார்கள். தகவல் பத்தி, கதைப் போக்கில் ஒன்று, இலக்கியச் சாயலில் ஒன்று என்று மூன்று வகை, ஒவ்வொன்றும் 300, 350 சொற்கள் வரை. அதோடு வாக்கியங்களை வரிசைப்படுத்துதல், சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்தல், பொருத்துதல், சொற்பொருள் கேள்விகள். மொத்தம் 50 கேள்விகள், 60 நிமிடம், 250 மதிப்பெண்.

தமிழ் வழிப் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? எல்லோரும் சொல்வது 'வொக்காபுலரி போதாது'. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாக்கியத்தில் எல்லாச் சொல்லுக்கும் பொருள் தெரிந்தும் வாக்கியம் புரியாமல் விழிக்கும் பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஓர் உதாரணம். பாலாற்றில் கழிவு விட்ட டேனரிகள் (தோல் பதனிடும் ஆலைகள்) மீது வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அல்லவா? அதைப் பற்றிய பத்தியில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'த டேனரீஸ் தட் லெட் தெயர் வேஸ்ட் இன்டு த பாலார் வேர் ஆர்டர்ட் டு பே.' நம் பிள்ளை 'டேனரீஸ்... லெட்... வேஸ்ட்' என்று வாசித்ததும் 'டேனரிகள் கழிவை விட்டன' என்று மனதுக்குள் வாக்கியத்தை முடித்துவிடுவாள். அடுத்து 'வேர் ஆர்டர்ட்' வந்ததும் தலை சுற்றும். யாருக்கு உத்தரவு, பாலாற்றுக்கா? இல்லை, கழிவு விட்ட டேனரிகளுக்கு, பணம் கட்டச் சொல்லி.

இங்கேதான் அவள் படித்த தமிழ் இலக்கணம் கை கொடுக்கும். 'கழிவு விட்ட டேனரிகள்' என்பதில் 'விட்ட' பெயரெச்சம். அது வாக்கியத்தை முடிக்காது என்று கீழ் வகுப்பிலிருந்தே அவளுக்குத் தெரியும். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் அதே வேலையை 'தட், ஹூ, விச்' பெயருக்குப் பின்னால் வந்து செய்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே பயிற்சி இதுதான்: தினமும் பத்து நீள வாக்கியங்கள். பென்சிலால் 'தட், ஹூ, விச்' தொடங்கும் துண்டை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். மிச்சத்தில் வினைமுற்று எது, எழுவாய் எது என்று அடிக்கோடிட வேண்டும். இரண்டு வாரத்துக்குப் பிறகு பென்சில் இல்லாமலே கண் தேடிப் பிடித்துவிடும். சில நேரம் அந்த 'தட்' சொல்லப்படாமலே மறைந்திருக்கும். அது அடுத்த கட்டம், மூன்றாவது மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தேவையில்லை. சந்தேகம் வரும்போது புரட்டிப் பார்க்கட்டும்.

வாசிக்க எதை எடுப்பது? ஆங்கில நாளிதழ் தலையங்கம் படி என்பார்கள். தமிழ் வழிப் பிள்ளையை எடுத்த எடுப்பில் தலையங்கத்தில் தள்ளினால் நாலாம் நாள் பேப்பரை மடித்து வைத்துவிடும். நான் சொல்வது வேறு வழி. காலையில் தமிழ்ப் பேப்பரில் நம் மாவட்டச் செய்தி ஒன்றைப் படிக்கட்டும்: காட்பாடி ரயில் நிலைய வேலை, பாலாற்றில் தண்ணீர், கோட்டை அகழி, எதுவானாலும். பிறகு அதே செய்தியை ஆங்கிலப் பேப்பரிலோ அதன் இணையப் பக்கத்திலோ தேடிப் படிக்கட்டும். விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் மனம் மொழியின் அமைப்பைக் கவனிக்கும். இரண்டு மாதம் இப்படிப் போனபின் தமிழில் படிக்காத செய்திக்குத் தாவலாம். தலையங்கம் பொதுத் தேர்வு முடிந்த பிறகு.

பத்திக்குக் கீழே வரும் கேள்விகளில் இன்னொரு பொறி உண்டு. பத்தியில் வந்த அதே சொற்கள் அச்சு மாறாமல் ஒரு விடையில் இருந்தால் நம் கை அங்கே போகும். பெரும்பாலும் அது தப்பு விடை. சரியான விடை அதே கருத்தை வேறு சொற்களில் சொல்லும். 'எப்போதும்', 'மட்டுமே', 'எல்லோரும்' என்று அடித்துச் சொல்லும் விடைகளையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். சிறு சொற்களில் கவனம் தேவை. 'ஃபியூ' என்றால் அநேகமாக இல்லை. 'எ ஃபியூ' என்றால் சில உண்டு. 'ஹார்ட்லி வொர்க்ட்' என்பதைக் கடுமையாக உழைத்தான் என்று எழுதிய பையனை எனக்குத் தெரியும். அவன் உழைக்கவே இல்லை என்று பொருள்!

வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்வியைப் பிள்ளைகள் வெறுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும், ஏனென்றால் அதில் துப்புகள் வெளிப்படையாகக் கிடக்கும். இதைப் பாருங்கள், தமிழிலேயே தருகிறேன். ஒன்று: 'இருந்தாலும், அவர்களைக் கொதிக்கவைத்த தலைப்பாகை உத்தரவு பின்னர் திரும்பப் பெறப்பட்டது.' இரண்டு: '1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ச்சி செய்தனர்.' மூன்று: 'ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அதை அன்றே அடக்கியது.' வரலாறு தெரியாதவர்கூட வரிசையைச் சொல்லிவிடலாம். 'இருந்தாலும்' என்று எந்தச் செய்தியும் தொடங்காது. 'அதை' என்றால் எதை? கிளர்ச்சியை. ஆக இரண்டு, மூன்று, ஒன்று. ஆங்கிலத்தில் 'ஹவெவர், யெட், தேர்ஃபோர்' வந்தால் அது முதல் வாக்கியம் அல்ல. 'ஹி, இட், திஸ்' வந்தால் அது சுட்டும் பெயர் அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும். ஒரு பொருள் முதலில் 'எ' போட்டு வரும், அடுத்த முறை 'த' போட்டு வரும். இந்த மூன்றும் பழகிவிட்டால் பெரும்பாலான கேள்விகளுக்கு அரை நிமிடம் போதும்.

சொற்களுக்கு வருவோம். அந்தப் பட்டியல் புத்தகத்தை உருப்போடுவது வீண் வேலை. ஏ எழுத்திலேயே ஜனவரி முடிந்துவிடும். வாசித்த பத்தியில் தெரியாமல் வந்த சொல்லை, அது வந்த வாக்கியத்தோடு நோட்டில் எழுதட்டும். நாளைக்கு ஐந்து போதும். நமக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு: ஏற்கெனவே தெரிந்த ஆங்கிலச் சொல் நம்மை ஏமாற்றும். 'ரொம்ப ஓவர்' என்கிறோம், ஆங்கிலத்தில் 'ஓவர்' முடிந்துபோனதையும் குறிக்கும். 'ஹெட்மாஸ்டர் டோஸ் விட்டார்' என்கிறோம், ஆங்கிலத்தில் டோஸ் மருந்தின் அளவு. வகுப்பில் 'சார், ஒரு டவுட்' என்றால் கேள்வி. பத்தியில் 'டவுட்' வந்தால் நம்பிக்கையின்மை. ஒரே ஒலி, வேறு எழுத்து என்பதும் அடிக்கடி வரும்: 'பிரின்சிபல்' பி-ஏ-எல் என்று முடிந்தால் கல்லூரி முதல்வர், பி-எல்-ஈ என்று முடிந்தால் கொள்கை. இந்த மாதிரி இரட்டைகளுக்கு நோட்டின் கடைசியில் தனிப் பக்கம் ஒதுக்கட்டும்.

அடுத்தது கணக்கு. சரிக்கு 5 மதிப்பெண், தப்புக்கு 1 கழிவு. 'நெகட்டிவ் மார்க் இருக்கு, தெரியாததைத் தொடாதே' என்று பலர் சொல்லிப் பயமுறுத்துவார்கள். போட்டுப் பாருங்கள்: நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், நான்கு கேள்விக்குச் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. 5 வரவு, 3 செலவு, மிச்சம் 2. ஆக இந்தத் தேர்வில் குருட்டடிகூட நஷ்டம் இல்லை. இரண்டு தப்பு விடைகளை நீக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைத் தொட்டால், ஒரு கேள்விக்குச் சராசரியாக 2 மதிப்பெண் கிடைக்கும். வெற்றிடமாக எதையும் விட வேண்டாம். ஆனால் ஒரு கேள்விக்கு 72 விநாடிதான் வருகிறது என்பதால், சொல், வரிசைக் கேள்விகளை முதல் 20 நிமிடத்தில் முடித்துவிட்டுப் பத்திகளுக்கு 35 நிமிடம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசி ஐந்து நிமிடம் விட்டுப்போனதை நிரப்ப.

தேர்வு கணினியில். தாளில் அடிக்கோடிட்டுப் பழகிய கண்ணுக்குத் திரையில் நீளப் பத்தி வாசிப்பது வேறு அனுபவம். பள்ளியின் ஹைடெக் லேபில் ஆசிரியரிடம் கேட்டு, தேர்வை நடத்தும் என்டிஏ (தேசியத் தேர்வு முகமை) தளத்தில் இருக்கும் இலவச மாதிரித் தேர்வை வாரம் ஒன்று எழுதட்டும். பொதுத் தேர்வு மார்ச்சில் முடியும், கியூட் பெரும்பாலும் மே மாதத்தில் தொடங்கும். அந்த ஏப்ரல் முழுக்க மாதிரித் தேர்வுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்புப் பயிற்சியை அதுவரை தள்ளிப்போட்டால் தாமதமாகிவிடும், இன்றே தொடங்க வேண்டும்.

விண்ணப்பத்தில் சில விஷயங்கள். அதிகபட்சம் ஐந்து தாள்கள் எழுதலாம். டெல்லிப் பல்கலைக்கழகம் போன்றவை பி.ஏ. ஆங்கிலத்துக்கு மொழித் தாளாக ஆங்கிலத்தையே கேட்கின்றன, கூடவே பாடத் தாள்களும் உண்டு. திருவாரூர், புதுச்சேரி என்று எங்கே போட்டாலும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தாள்களைத் தேர்ந்தெடுங்கள். வரலாறு மாதிரிப் பாடத் தாள்களைத் தமிழிலேயே எழுதலாம், 13 மொழிகளில் தமிழும் ஒன்று. பிறகு, நம் ஊர் பிசி, எம்பிசி சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழக இட ஒதுக்கீட்டுக்குப் போதாது. இ-சேவை மையத்தில் ஓபிசி நான் கிரீமி லேயர் (வசதி வரம்புக்குள் வரும் பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கை ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதா என்றும் சில இடங்களில் பார்ப்பார்கள்.

கடைசியாக, நுழைவுத் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் இருக்கட்டும் (நம் சட்டமன்றம் 2022 ஏப்ரலிலேயே வேண்டாம் என்று தீர்மானம் போட்டது). கையில் ஒரு இடம் இருப்பது நல்லது. 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் கியூட் முடிவு ஜூலையில்தான் வந்தது. இங்கே அரசுக் கலைக் கல்லூரிச் சேர்க்கை அதற்கு முன்பே நடந்துவிடும், பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். வேலூரில் முத்துரங்கம் அரசுக் கல்லூரிக்கும், குடியரசுத் தலைவராக இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் படித்த ஊரிசுக் கல்லூரிக்கும் கட்டாயம் விண்ணப்பியுங்கள். கல்லூரியில் சேரும்போது டி.சி.யையும் மதிப்பெண் பட்டியலையும் மூன்று செட் நகல் எடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள். வெளியூரில் இடம் கிடைத்தால் ஒரிஜினலைத் திரும்ப வாங்க எத்தனை நாள் ஆகும் என்றும் அன்றே அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.