குவாரி வெடி எச்சரிக்கைப் பலகை குறித்து

வணக்கம். கல்குவாரியை ஒட்டிய வண்டிப்பாதையில் இருந்த பலகை எழுத்தழிந்து கிடப்பதாகவும், சங்கு ஊதினாலும் எப்போது திரும்பிச் செல்லலாம் என்று தெரியாமல் பிள்ளைகள் நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

கல்குவாரிகளுக்கும் பொருந்தும் 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், திறந்தவெளியில் வெடிவைக்கும் இடத்தைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட தொலைவு வரை அபாயப் பகுதியாகக் கொள்கின்றன. பொதுச்சாலை அதற்குள் வந்தால், அதன் இரு முனைகளிலும் ஆள் நிறுத்தி, போக்குவரத்து முழுவதும் விலகிய பின்னரே வெடிக்க வேண்டும். எனவே உங்கள் முதல் கேள்வி, பலகையைவிட, அந்தக் காவலாட்கள் நிற்கிறார்களா என்பதாகவே இருக்க வேண்டும். எழுத்துப் படிக்கத் தெரியாத குழந்தையைத் தடுத்து நிறுத்துவது அவர்கள்தான்.

பலகையில் வெடிநேரமும், எச்சரிக்கைச் சங்குக்கும் ஆபத்து நீங்கியதை அறிவிக்கும் சங்குக்கும் உள்ள வேறுபாடும் தமிழில் பெரிதாக எழுதப்பட்டிருக்கும்படி கேளுங்கள். வெடித்த சத்தம் அடங்கியதும் பாதுகாப்பு என்று எண்ணிவிட வேண்டாம்: மருந்து வைத்தும் வெடிக்காத குழி எஞ்சியிருக்கலாம்.

பலகையைத் தேதியுடன் படமெடுத்து, மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்திற்கும், சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் சென்னை அலுவலகத்திற்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். அதுவரை வெடிநேரத்தில் பிள்ளைகளை அவ்வழியே அனுப்பவே வேண்டாம்.