தொண்டை துடிக்குது, நெஞ்சு அசையலையே: தவளைக் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஒரு தவளையை ரொம்ப நேரம் பார்த்தேன். தொண்டை மட்டும் படபடன்னு அடிச்சுக்குது, நெஞ்சு ஏறி இறங்கவே இல்லை. நுரையீரல் இருக்கா, இல்லையா?

இருக்கிறது. நமக்கு உதரவிதானமும் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசை) விலா எலும்புகளும் நெஞ்சை விரித்துக் காற்றை இழுக்கின்றன. தவளைக்கு உதரவிதானம் கிடையாது, விலாவும் பெயரளவுக்குக்கூட இல்லை. அதனால் காற்றை விழுங்குகிறது. மூக்கைத் திறந்து, வாயின் அடிப்பகுதியை இறக்கிக் காற்றை நிரப்பும். பிறகு மூக்கை மூடி அடிப்பகுதியை மேலே தூக்கும். வேறு வழியில்லாத காற்று நுரையீரலுக்குள் போகும்.

இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். நீங்கள் கண்ட படபடப்பில் மூக்கு திறந்தேதான் இருக்கும். காற்று வாய்க்குள் வந்து போவதோடு சரி. எப்போதாவது மூக்கு மூடி, உடம்பின் பக்கவாட்டு சட்டென்று அசையும் பாருங்கள், அதுதான் நுரையீரல் மூச்சு.

கேள்வி: அப்போ தோல் வழியா சுவாசிக்கும்னு படிச்சது?

அதுவும் உண்மைதான். கரியமில வாயுவில் பெரும்பங்கு தோல் வழியாகவே வெளியேறுகிறது. மேலே பனி உறைந்த குளத்தின் அடியில் குளிர்காலம் முழுக்கக் கிடக்கும் தவளைகளுக்குத் தோல் மட்டுமே போதும். தவளையின் உறவினரான, பல்லி போன்ற உருவமுள்ள சாலமாண்டர்களில் மிகப் பெரிய குடும்பத்துக்கு நுரையீரலே கிடையாது!

எனக்குப் பிடித்தது டிடிகாகா ஏரித் தவளை. கடல்மட்டத்துக்கு 3,800 மீட்டர் உயரத்தில், தண்ணீருக்குள்ளேயே வாழ்கிறது. இரண்டு அளவு பெரிய சட்டை போட்ட மாதிரி தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். ஆக்சிஜன் குறைந்தால் தண்டால் எடுப்பதுபோல உடம்பை ஏற்றி இறக்கும். மடிப்புகளில் புதுத் தண்ணீர் படும்.

கேள்வி: கையில் எடுக்கலாமா?

வேண்டாம். எடுத்தே ஆகவேண்டுமென்றால் சோப்பு, க்ரீம் எதுவும் இல்லாத ஈரக் கையால் எடுங்கள். நீங்கள் தொடுவது அதன் மூச்சுக்குழாயைத் தொடுவது மாதிரி. பிறகு கையை நன்றாகக் கழுவிவிடுங்கள். சில இனங்களின் தோலில் நஞ்சு உண்டு.

கேள்வி: காதே காணோமே?

பல இனங்களில் கண்ணுக்குப் பின்னால் தெரியும் வட்டமே செவிப்பறை. நில அதிர்வு முன்னங்கால், தோள் வழியாகவும் உள்காதை எட்டும். சேஷெல்ஸ் தீவுகளின் கார்டினர் தவளைக்குச் செவிப்பறையே இல்லை. வாய்க்குழிதான் ஒலியைப் பெருக்கித் தருகிறது. தலைப்பிரட்டையோ மீனைப்போல, உடலில் வரிசையாக உள்ள உணர்விகளால் நீரோட்டத்தை அறியும்.

கேள்வி: சாலமாண்டர் கத்துமா?

பெரும்பாலும் இல்லை. அவற்றுக்கு வாசனைதான் பேச்சு. நுரையீரலற்றவை மூக்கைத் தரையில் தட்டித் தட்டி மணம் பிடிக்கும்.

கேள்வி: வாயை மூடிக்கிட்டே தவளை எப்படி அவ்வளவு சத்தம் போடுது?

காற்றை வெளியே விடுவதில்லை. நுரையீரலிலிருந்து குரல்வளை வழியாகத் தொண்டைப் பைக்கு. அங்கிருந்து திரும்ப நுரையீரலுக்கு. அதே காற்றுதான் மறுபடி மறுபடி.

போர்ட்டோ ரிகோவின் கோக்கீ தவளை ‘கோ’ என்பது மற்ற ஆண்களுக்கு, ‘கீ’ என்பது பெண்ணுக்கு. தன் வாயால் கெடும் தவளையும் நிஜமாகவே உண்டு: மத்திய அமெரிக்காவின் துங்காரா. குரலின் கடைசியில் ‘சக்’ சேர்த்தால் பெண்ணுக்குப் பிடிக்கும், தவளை தின்னும் வௌவாலுக்கும் பிடிக்கும். வௌவால் நெருங்குவது தெரிந்ததும் தவளை சட்டென்று கத்துவதை நிறுத்திவிடும். ஆனால் பை உப்பி எழுப்பிய நீர்வளையம் இன்னும் சில விநாடி பரவிக்கொண்டிருக்கும். வௌவாலுக்கு அந்தத் தடயமே போதும்.