கூகுள் மேப்பை விட்டால் வேறு வழி? வழிகாட்டிச் செயலிகள் பற்றிய கேள்வி-பதில்

ஃபோனில் வழி பார்ப்பது பற்றி வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "ஓபன் சோர்ஸ் நல்லதா, கூகுள் நல்லதா?" எங்கே போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த இரண்டையும் எழுதியவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கூகுள் மேப்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. அப்புறம் இன்னொரு இலவசச் செயலி எதற்கு? (விற்பனைப் பிரதிநிதி, ஈரோடு)

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வழிகாட்டிச் செயலி என்பது இரண்டு பகுதிகள் சேர்ந்தது. ஒன்று வரைபடத் தரவு: எந்தத் தெரு எங்கே போகிறது, எது ஒருவழி, எங்கே பாலம் இருக்கிறது. இன்னொன்று அந்தத் தரவைத் திரையில் காட்டி, வழி கணக்கிட்டு, "இடது பக்கம் திரும்பவும்" என்று சொல்லும் மென்பொருள்.

கூகுளில் இரண்டுமே கூகுளுடையவை. ஆஸ்ம்அண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் தரவு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வருகிறது. 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய திட்டம் இது. விக்கிப்பீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். மென்பொருளின் மூலநிரலும் யார் வேண்டுமானாலும் பார்த்து மாற்றும்படி திறந்தே கிடக்கிறது, இதைத்தான் ஓபன் சோர்ஸ் என்கிறோம். நடுவில் ஒரு கலப்பு வகையும் உண்டு. மேஜிக் எர்த் என்ற செயலி ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடுகிறது, ஆனால் அதன் நிரல் மூடியது. ஃபேஸ்புக்கில் தெரியும் வரைபடமும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில் உருவானதுதான். அதனால் "நான் ஓபன் சோர்ஸ் பக்கமே போனதில்லை" என்று யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

உங்கள் வேலைக்கு வருகிறேன். தினமும் பத்துக் கடை ஏறி இறங்குகிறீர்கள். கடையின் பெயரை அடித்தால் இடம் வரவேண்டும், திறந்திருக்கிறதா என்று தெரியவேண்டும், ஃபோன் நம்பர் வேண்டும். இதில் கூகுளுக்குப் பக்கத்தில்கூட எதுவும் வராது. மாறவேண்டாம்.

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம், ஆசனூர் வழியாக மைசூருக்குக் காரில் போகிறோம். காட்டுக்குள் டவர் கிடைக்காது என்கிறார்கள். எந்தச் செயலி? (திருப்பூர்)

ஆஃப்லைன் செயலிகள் அருமை காட்டும் இடம் இந்த மாதிரிச் சாலைதான். பலரும் நினைப்பதுபோல் ஜிபிஎஸ்ஸுக்கு இன்டர்நெட் தேவையில்லை, சிம் கார்டுகூடத் தேவையில்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தங்கள் இருப்பிடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் ஃபோன் வெறுமனே கேட்கிறது, கணக்குப் போடுகிறது. டவர் போனால் போவது வரைபடப் படம்தான், இருப்பிடம் இல்லை. வரைபடத்தை முன்னாலேயே ஃபோனில் இறக்கி வைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது.

ஒரே ஒரு சிக்கல். டேட்டா இருக்கும்போது, எந்தச் செயற்கைக்கோள் எங்கே என்ற விவரத்தை ஃபோன் இன்டர்நெட்டிலிருந்து நொடியில் எடுத்துக்கொள்ளும். டேட்டா இல்லாவிட்டால் அதைச் செயற்கைக்கோளிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும். ஒரு செயற்கைக்கோளின் பாதை விவரம் வந்து சேர 30 நொடி ஆகும், நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால் பண்ணாரியில் கோயிலுக்காக நிறுத்துவீர்கள் அல்லவா, அங்கே வெட்டவெளியில் செயலியைத் திறந்து நீலப்புள்ளி நிலைக்கும்வரை நில்லுங்கள். மரத்தடியில் ஓடும் காரில் முதல்முறை தேடினால் ரொம்ப நேரம் எடுக்கும்.

ஆர்கானிக் மேப்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவை மாநிலவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டை மட்டும் இறக்கிவிட்டுக் கிளம்புகிறவர்கள் நிறைய. ஆசனூரைத் தாண்டிக் கர்நாடக எல்லைக்குள் நுழைந்ததும் திரையில் தெருவே இருக்காது. கர்நாடகத்தையும் சேர்த்து வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள்.

கூகுளிலும் ஆஃப்லைன் வரைபடம் உண்டு, கார் ஓட்ட அது போதும். ஆனால் டேட்டா இல்லாதபோது கூகுள் நடைவழியும் சைக்கிள் வழியும் காட்டாது, போக்குவரத்து நெரிசலும் தெரியாது. இறக்கி வைத்ததை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். ஒரு வருடம் கழித்து நினைவு வந்து திறந்து பார்த்தால் ஏமாற்றம்தான்.

எந்தச் செயலியையும் நம்பி விடக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியிலிருந்து இந்த மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை அனுமதி கிடையாது, சில விதிவிலக்குகள் தவிர. செயலி பாட்டுக்கு "இதுதான் குறுக்கு வழி" என்று இரவு பத்து மணிக்கும் உங்களைப் பண்ணாரி சோதனைச் சாவடிக்குக் கூட்டிக்கொண்டு போகும். 27 கொண்டை ஊசி வளைவும் ஏறவேண்டும். சாயங்காலம் ஐந்துக்குள் அடிவாரத்தில் இருப்பது நல்லது.

ஓபன் சோர்ஸ் செயலியில் டிராஃபிக் தெரியுமா? (வாடகைக் கார் ஓட்டுநர், சென்னை)

தெரியாது. இதை நேராகச் சொல்லிவிடுகிறேன், இலவச மென்பொருள் ஆர்வலர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

காரணம் தொழில்நுட்பக் குறைபாடு இல்லை. கத்திப்பாரா சந்திப்பில் நெரிசல் என்று மேப்பில் சிவப்புக் கோடு எப்படி வருகிறது? அங்கே நின்றுகொண்டிருக்கும் ஃபோன்கள் தங்கள் இருப்பிடத்தையும் வேகத்தையும் அனுப்பிக்கொண்டே இருப்பதால் வருகிறது. 2020-ல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 பழைய ஃபோன்களைக் கைவண்டி ஒன்றில் போட்டு, காலித் தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். கூகுள் மேப்பில் அந்தத் தெரு சிவப்பாகிவிட்டது! அவர் விளையாடிய விளையாட்டு ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டியது: நெரிசலை அளப்பது கேமராவோ போலீஸோ இல்லை, நம் சட்டைப்பைதான். யாரையும் பின்தொடரமாட்டேன் என்று சொல்லும் செயலிக்கு அந்தத் தகவலைத் தானே சேகரிக்க வழியே இல்லை. ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றைக் கொடுக்கவேண்டும்.

நாளெல்லாம் சென்னைக்குள் ஓட்டுகிறவருக்கு டிராஃபிக் தெரியாத செயலி சோறு போடாது. கூகுளையே வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் பிடிக்கவில்லையென்றால் மேப்பிள்ஸ் பாருங்கள். 1995-லிருந்து இருக்கும் மேப்மைஇந்தியா நிறுவனத்தின் செயலி அது. வணிகச் செயலிதான், ஆனாலும் மேம்பாலம் ஏறவேண்டுமா, கீழே போகவேண்டுமா என்பதைச் சந்திப்பின் படத்தோடு காட்டும். கூகுளும் இந்தியாவில் மேம்பாலத்தைத் தனியாகச் சொல்லத் தொடங்கிவிட்டது, 2024-லிருந்து.

என் நடமாட்டம் முழுவதும் கூகுளிடம் இருக்கிறதே என்று பயமாக இருக்கிறது. (ஆசிரியை, மதுரை)

பயப்படுவதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கூகுள் மேப்பில் உங்கள் படத்தைத் தொட்டு 'டைம்லைன்' என்பதைத் திறந்தால், அது இயக்கத்தில் இருந்தால், எந்த நாள் எங்கே போனீர்கள் என்று வரும். அதை நிறுத்தலாம், பழையதை அழிக்கலாம். முன்பு கூகுளின் சர்வரில் இருந்த இந்தப் பதிவை இப்போது ஃபோனிலேயே வைக்கும்படி மாற்றிவிட்டார்கள். இது சும்மா நடந்த மாற்றமில்லை. இருப்பிடப் பதிவை நிறுத்தியதாகப் பயனர்கள் நினைத்த பிறகும் தகவல் சேகரிக்கப்பட்டது என்று அமெரிக்காவில் 40 மாநிலங்கள் குற்றம் சாட்டி, 2022 நவம்பரில் 39 கோடி டாலருக்குச் சற்று அதிகமான தொகைக்குச் சமரசம் ஆனது.

ஆஸ்ம்அண்டும் ஆர்கானிக் மேப்ஸும் கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை. வழியை ஃபோனுக்குள்ளேயே கணக்கிடுகின்றன. நீங்கள் தேடிய மருத்துவமனையின் பெயர் வெளியே போகாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: செயலியை மாற்றினால் செயலி விஷயம்தான் தீரும். சிம் கம்பெனிக்கு நீங்கள் எந்த டவரடியில் இருக்கிறீர்கள் என்று எப்போதும் தெரியும்.

ஆஸ்ம்அண்டா, ஆர்கானிக் மேப்ஸா? (நாகர்கோவில்)

நண்பருக்குச் சொல்வதென்றால் ஆர்கானிக் மேப்ஸ். எனக்கென்றால் ஆஸ்ம்அண்ட்.

ஆஸ்ம்அண்ட் திறந்ததும் விமானி அறைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். மேடு பள்ளம் காட்டும் சமஉயரக் கோடுகள், பயணப் பதிவு, சைக்கிளுக்குத் தனி அமைப்பு, பைக்குக்குத் தனி அமைப்பு, மாற்றிக்கொள்ள நூறு தேர்வுகள். பழக ஒரு வாரம் ஆகும், பழகியபின் விடமாட்டீர்கள். கூகுள் பிளேயில் கிடைக்கும் இலவசப் பதிப்பில் ஏழு வரைபடம்தான் இறக்கலாம். எஃப்-டிராய்ட் என்ற கட்டற்ற செயலிக் கடையிலிருந்து எடுத்தால் அந்த வரம்பு இல்லை. திருட்டுப் பதிப்பு இல்லை அது, அவர்களே அனுமதித்திருப்பது.

இரண்டு சக்கர வண்டிக்கு? (தஞ்சாவூர்)

கூகுள். 2017 டிசம்பரில் பைக்குக்கென்று தனி வழியை அவர்கள் முதலில் கொண்டுவந்ததே இந்தியாவில்தான். ஆர்கானிக் மேப்ஸில் பைக் தேர்வு கிடையாது, கார் வழியைத்தான் பின்பற்ற வேண்டும்.

எங்கள் தெரு மேப்பில் தப்பாக இருக்கிறது. எத்தனை முறை புகார் செய்தாலும் மாறவில்லை. (காரைக்குடி)

உங்கள் வேதனை எனக்குப் புரியும். நான் முன்பு குடியிருந்த தெருவின் கடைசியில் ஆள் உயரச் சுவர். ஒரு பிரபல செயலி அதை மெயின் ரோட்டுக்குப் போகும் வழி என்றே காட்டிக்கொண்டிருந்தது. சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஃபோன் செய்வார்கள். சுவருக்கு மேலாகவே இரண்டு தடவை பிரியாணி வாங்கியிருக்கிறேன்.

வணிகச் செயலியில் நீங்கள் திருத்தத்தைப் பரிந்துரைக்கலாம், அவர்கள் ஏற்றால்தான் மாறும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி நீங்களே மாற்றலாம், சேமித்த உடனே தரவில் ஏறிவிடும். பயமாக இருந்தால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலியிலிருந்து தொடங்குங்கள். "இந்தச் சாலை தார் போட்டதா?", "இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று அது கேட்கும், நின்ற இடத்திலேயே பதில் சொல்லலாம். ஃபோனில் இறக்கிய வரைபடத்தில் உங்கள் திருத்தம் தெரிய அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்த வரைபடம் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவின்மேல்தான் எழுந்தது. யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவேண்டியிருக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: கூகுளைப் பார்த்து அதிலிருக்கும் பெயர்களை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பிரதி எடுக்காதீர்கள். அது உரிமை மீறல், நீக்கிவிடுவார்கள். நேரில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

ஓபன் சோர்ஸ் செயலிகளைத் திடீரென்று கைவிட்டுவிடுவார்களே? (கோயம்புத்தூர்)

கைவிடுவார்கள். விற்கவும் செய்வார்கள். மேப்ஸ்.மீ என்ற செயலியின் கதையைக் கேளுங்கள். 2011-ல் பெலாரஸ்காரர்கள் சிலர் எழுதினார்கள். 2014-ல் ரஷ்யாவின் மெயில்.ரு வாங்கியது. 2015-ல் நிரலைத் திறந்துவிட்டது. 2020-ல் வேறொரு நிறுவனத்துக்கு விற்றது. புதிய முதலாளிகள் செயலியை மாற்றியமைத்தபோது பழைய பயனர்கள் கொதித்துப்போனார்கள். நிரல் திறந்திருந்ததால், முதலில் எழுதியவர்களே அதை எடுத்து ஆர்கானிக் மேப்ஸ் என்று புதிதாகத் தொடங்கினார்கள். அதன் நிர்வாகத்தில் வெளிப்படைத்தன்மை இல்லை என்று பங்களிப்பாளர்களிடையே சண்டை வந்து, 2025-ல் கோமேப்ஸ் என்று இன்னொன்று பிரிந்தது.

இதைப் பார்த்தால் ஒரே கூச்சல் மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் பயனர் கையில் வேலை செய்யும் செயலி ஒன்று இருந்தது. மூடிய செயலியை நிறுவனம் நிறுத்தினால் அன்றோடு சரி.

ஊர்ப்பெயர்களைத் தமிழில் பார்க்க முடியுமா? (யாழ்ப்பாணம்)

முடியும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரே இடத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று தனித்தனியே பெயர் எழுத இடமுண்டு. ஆஸ்ம்அண்டில் வரைபட மொழியைத் தமிழாக்கினால், யாராவது தமிழில் எழுதி வைத்த பெயர்கள் தமிழில் வரும், மற்றவை இருக்கும் மொழியில் வரும். உங்கள் பக்கத்து ஒழுங்கையின் பெயர் வரவில்லையென்றால் அதை எழுதவேண்டிய ஆள் நீங்கள்தான்.

செயலியை நம்பி விபத்தில் மாட்டியவர்கள் பற்றிப் படிக்கிறோம். எது பாதுகாப்பு? (சேலம்)

இதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். 2024 ஜனவரியில் கூடலூரில் ஒரு கார் செயலி காட்டிய வழியில் போய்ப் படிக்கட்டில் இறங்கி நின்றது. அது சிரித்துவிட்டுப் போகும் செய்தி. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே நடந்தது அப்படியில்லை: வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலம் உடைந்ததை யாரோ ஒருவர் சொன்னால்தான் எந்த வரைபடத்துக்கும் தெரியும். இரவு, மழை, தெரியாத ஊர் என்று மூன்றும் சேர்ந்தால் குறுக்கு வழியை மறுத்துவிட்டு நெடுஞ்சாலையிலேயே போங்கள். டீக்கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்பாவுக்கு 72 வயது. புது ஃபோன் வாங்கித் தந்திருக்கிறேன். எதைப் போட்டுத் தரலாம்? (விழுப்புரம்)

அதில் ஏற்கெனவே இருப்பதையே. மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள், குரலும் தமிழில் வரும். 'வீடு' என்று உங்கள் வீட்டைச் சேமித்துவிடுங்கள். இருப்பிடத்தை உங்களுக்கு எப்படி அனுப்புவது என்று நான்கு தடவை செய்துகாட்டுங்கள். ஐந்தாவது தடவை அவரையே அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் மொட்டை மாடியில் போய் நின்றுகொண்டு.