வரலாற்று ஆய்வில் பாதியில் துறை மாறிச் சாதித்தவர்கள் உண்டா?

உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் இயன் கெர்ஷா. ஹிட்லரின் வாழ்க்கையை இரண்டு தடித்த தொகுதிகளாக (1998, 2000) எழுதியவர். ஆனால் அவர் படித்தது இடைக்கால வரலாறு!

1943இல் இங்கிலாந்தின் ஓல்டமில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது யார்க்‌ஷயரில் இருந்த போல்டன் என்ற கிறிஸ்தவ மடத்தின் கணக்கு வழக்கு. குத்தகை, தானியம், ஆட்டுக் கம்பளி என்று போகும் சங்கதி. இடைக்கால ஜெர்மன் குடியானவர்களைப் பற்றியும் ஆராயலாம் என்றுதான் ஜெர்மன் மொழி கற்றார். 1972இல் தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு காபிக் கடையில் சந்தித்த கிழவர், இங்கிலீஷ்காரர்கள் நீங்கள் எங்களோடு சேர்ந்திருந்தால் உலகையே ஆண்டிருக்கலாமே என்று அங்கலாய்த்தாராம். யூதர்களைப் பேன் என்று ஏசினாராம். கெர்ஷாவின் கவனம் நாஜிக் காலத்தின் பக்கம் திரும்பியது.

அப்புறம் மூனிக்கில் ஜெர்மன் வரலாற்றாசிரியர் மார்ட்டின் ப்ரோஸாட் நடத்திய ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தார். ஊர்மக்கள் என்ன முணுமுணுக்கிறார்கள் என்று நாஜிக் காலத்தில் போலீசும் உள்ளூர் அதிகாரிகளும் மேலே அனுப்பிய அறிக்கைகளைப் படிப்பதுதான் வேலை. மடத்துக் கணக்கில் ஊறியவருக்கு இது கைவந்த கலை என்றே நினைக்கிறேன்.

1941இல் பவேரியப் பள்ளிகளில் சிலுவைகளை அகற்ற உத்தரவு வந்தது. தாய்மார்கள் பள்ளிக்கே போய்ச் சண்டை போட்டார்கள், கையெழுத்து திரட்டினார்கள். போர் உச்சத்தில் இருந்த நேரம், அரசு பின்வாங்கியது. ஆக, எதிர்க்க முடியாமல் இல்லை. யூதர்கள் விஷயத்தில் மட்டும் ஏன் அந்தக் கொதிப்பு இல்லை? ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கான பாதையைப் போட்டது வெறுப்பு, அதற்குத் தளம் பாவியது அலட்சியம் என்று 1983இல் வந்த நூலில் எழுதினார். கடுமையான தீர்ப்புதான். ஆனால் அத்தனை அறிக்கைகளைப் புரட்டியவர் சொல்கிறார்.

ஹிட்லர் வரலாற்றிலும் அதே பார்வைதான். எல்லாவற்றுக்கும் ஹிட்லர் ஆணையிட வேண்டியதில்லை. அவர் விரும்புவார் என்று யூகித்துக் கீழே இருப்பவர்களே முந்திக்கொண்டு செய்தார்கள் என்கிறார். இதற்கு அவர் பிடித்துக்கொண்டது 1934இல் ஒரு நாஜி அதிகாரி பேசிய பேச்சை.

ஷெஃபீல்டில் பேராசிரியராக இருந்து 2008இல் ஓய்வு பெற்றார். சர் பட்டமும் உண்டு.

ஒரு குறை சொல்லலாம்: அவ்வளவு பக்கங்களிலும் ஹிட்லர் என்ற ஆள் மங்கலாகவே தெரிகிறார். அவரை நெருக்கத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் ஏமாறுவார்கள். படிக்கத் தொடங்குவதானால் 2008இல் வந்த ஒற்றைத் தொகுதிச் சுருக்கம் போதும்.